கோமரத்தாடியின் வாயுத் தொல்லை

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருக்கிறார் ஆறுமுகநயினார். வயது நாற்பத்தாறு, வீடு மேலகரத்தில். மேனேஜர் என்ற பெயர்தான் பெரிது. சீசன் முடிந்துவிட்டால் கீசரைத் தட்டிப் பார்ப்பதும், அறைக்குள் புகுந்த குரங்கை விரட்டுவதும், விரட்டப்பட்ட குரங்கு கோபித்துக்கொண்டு எடுத்துப்போன தலையணை உறையை மரத்தடியில் நின்று கெஞ்சி வாங்குவதும் அவர்தான். வேலை எப்படி என்று கேட்பவர்களிடம், சீசனில் மனிதருக்கு மேனேஜர், மற்ற மாதங்களில் குரங்குக்கு மேனேஜர் என்பார். குரங்குகள் பரவாயில்லை, எக்ஸ்ட்ரா பெட் கேட்பதில்லை என்றும் சேர்த்துக்கொள்வார்.

இது வயிற்றுக்கான வேலை. அப்பா வழியில் வந்த வேலை இன்னொன்று உண்டு. சிற்றாற்றங்கரையில் அவர்கள் குடும்பத்துச் சுடலைமாடன் கோயிலில் அவர்தான் கோமரத்தாடி. ஆவணிக் கொடை விழாவில் மகுடப் பறையும் மேளமும் உச்சத்துக்குப் போகும்போது, சல்லடமும் குல்லாயும் கட்டி, வல்லயம் என்கிற ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இவர் உடம்பில்தான் சுடலை இறங்குவார். ஊர் கைகட்டி நின்று வாக்குக் கேட்கும். சுடலை சாதாரண ஆளா? சுடுகாட்டுக்கே காவல். ஊரில் உள்ள அத்தனை பேயும் அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டது. அப்பேர்ப்பட்ட சாமியைச் சுமக்கிற மனிதர் பாத்ரூம் லைட்டை அணைத்துவிட்டுத் தூங்கமாட்டார். சுடலை வந்து தங்குவதற்கு இந்த வட்டாரத்தில் வேறு நல்ல லாட்ஜே கிடைக்கவில்லையா என்று அவரே தன்னைக் கேட்டுக்கொள்வதுண்டு.

முதல்முறை அது வந்தது போன வருஷம் பங்குனியில். அருவி நூலாக விழுந்துகொண்டிருந்தது, லாட்ஜில் ஒரு ஈ காக்கை கிடையாது. மத்தியானம் இரண்டாம் மாடி வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. உள்ளங்கை வேர்த்தது, கை நடுங்கியது, கால் தரையில் பாவவில்லை. இந்த நிமிஷமே செத்துப்போவோம் என்று தோன்றியது. இதில் விசேஷம் என்னவென்றால், இது எதுவுமே அவருக்குப் புதிதில்லை. சாமி வரும்போதும் இதே வரிசையில்தான் வரும். ஆகவே அவர் சுவரோரம் உட்கார்ந்து, மேளம் இல்லாமலே சுடலை வந்துவிட்டாரோ என்று மரியாதையாகக் காத்திருந்தார். வாக்கு ஒன்றும் வரவில்லை. காலையில் சாப்பிட்ட இட்லிதான் வந்தது.

தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். நயினாருக்கு உள்ளுக்குள் ஏமாற்றம். ஒரு சின்ன அடைப்பாவது இருந்திருந்தால் வெளியே சொல்லிக்கொள்ளலாம். மனதில் ஏதும் பயம், கவலை உண்டா, மனநல டாக்டர் ஒருவரைப் பாருங்களேன் என்று அவர் தொடர்ந்தபோது நயினாருக்குக் கோபம் வந்துவிட்டது. யாரைப் பார்த்துப் பயமா என்று கேட்கிறார்? சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி சங்கரேஸ்வரி, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, வாயு என்றார். எங்கள் பக்கத்தில் ஆம்பிளைக்கு வரக்கூடிய கௌரவமான நோய் அது ஒன்றுதான்.

கௌரவத்துக்கு விலை இருந்தது. காலையில் ஓமத்தண்ணி, மத்தியானம் மோரில் பெருங்காயம், ராத்திரி பூண்டு ரசம். கொண்டைக்கடலை, வாழைக்காய், மொச்சை எல்லாம் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டன. உருளைக்கிழங்குக்கு முற்றிலுமாகத் தடை. நயினாருக்கு உலகத்தில் பிடித்த ஒரே காய் அதுதான், பொரித்து வைத்தால் சோற்றையே மறந்துவிடுவார். ஆனாலும் பேசாமல் ரசத்தைக் குடித்தார். உண்மையைச் சொல்வதைவிட உருளைக்கிழங்கை இழப்பது எளிதாக இருந்தது.

வாயுவோ அடங்குகிற மாதிரி இல்லை. கல்யாண மண்டபத்தில் வந்தது, திருநெல்வேலி பஸ்ஸில் வந்தது. பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வந்து, பாயசம் வருவதற்குள் எழுந்து ஓட வைத்தது. அந்த ஆவணியில் கொடைக்கு நாள் குறித்ததும், மேளச் சத்தத்துக்கு நடுவே சாமிக்குப் பதில் இது வந்து நின்றால் என்ன செய்வது என்ற நினைப்பிலேயே அவருக்குத் தூக்கம் போயிற்று. வல்லயத்தைப் போட்டுவிட்டுக் கோமரத்தாடி கோயிலைவிட்டு ஓடினான் என்றால் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். நல்லவேளையாக, கடையத்தில் இருந்த தூரத்துச் சித்தப்பா ஒருவர் சரியான நேரத்தில் செத்துப்போய்த் தீட்டை உண்டாக்கி அவரைக் காப்பாற்றினார். அந்தப் பதினாறாம் நாள் காரியத்தில் நயினார் அளவுக்கு மனமுருகி நின்றவர்கள் யாரும் இல்லை.

விளையாட்டு வந்ததும் அந்த வருஷச் சீசனில்தான். அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த நான்கு பையன்கள் அறைக்குள்ளேயே லேப்டாப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவனுக்குக் காய்ச்சல். டீ கொண்டுபோன நயினாரை, நாலாவது ஆளாக உட்காரச் சொல்லி ஹெட்செட்டை மாட்டிவிட்டார்கள். திரையில் ஒரு பாழ் பங்களா. நாலு பேர் டார்ச்சோடு உள்ளே போய், அங்கே இருக்கிற பேய் எந்த வகை என்று கண்டுபிடித்துவிட்டு உயிரோடு வெளியே வரவேண்டும். விளக்கு மினுக்கினால் பேய் வேட்டைக்குக் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். உடனே டார்ச்சை அணைத்து, அலமாரிக்குள் புகுந்து, கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்தால் மைக் வழியே சத்தம் கேட்டுப் பேய் வந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தால், தேடிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

நயினார் முதல் பத்து நிமிஷத்தில் மூன்று முறை செத்தார். அறையைவிட்டு வெளியே வந்தபோது, பல மாதங்களுக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. ஏன் என்று வராந்தாவில் நின்று யோசித்தார். நெஞ்சு அடித்தது உண்மை, கை வேர்த்ததும் உண்மை. ஆனால் அங்கே பயப்படுவதற்கு ஒரு காரணம் இருந்தது. வெள்ளைச் சேலை, கோணல் கழுத்து, கையில் அரிவாள் எல்லாம் கண்முன்னால் வந்து நின்றது. சாத்திக்கொள்ள ஒரு கதவும் இருந்தது. அவருடைய சொந்தப் பயத்துக்கு இந்த இரண்டுமே கிடையாது.

ஆன்லைன் புக்கிங் பார்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்லி, தென்காசியில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினார். சீசன் முடிந்த பிறகு லாட்ஜ் ரிசப்ஷன் மேசைதான் பாழ் பங்களா. ஆன்லைன் ஆட்டத்தில் கிடைத்த கூட்டாளி கடையநல்லூர்க்காரன் துல்கர்னைன். ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை, வார லீவு செவ்வாய்க்கிழமை. நெல்லைப் பேச்சைக் காதில் கேட்டதுமே இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். நயினார் விளையாட்டில் தேறிவிட்டார். எந்த அறையில் ஒளியலாம், எப்போது பேசக்கூடாது, எப்போது வெளியே வரலாம் என்று வழிசொல்வது அவர்தான். சுடலையின் ஆளுக்குப் பேய் வேட்டை தெரியாமலா இருக்கும் என்று துல்கர்னைனிடம் பீற்றிக்கொள்வார். பீற்றுகிறவர் உட்கார்ந்திருப்பது மேசைக்கு அடியில். திரையில் அலமாரிக்குள் ஒளிகிறபோது உடம்பும் எங்கேயாவது ஒளிய வேண்டும் என்று அவருக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது.

இந்த வருஷம் ஆவணி வந்தது. சொந்தத்தில் ஒருவரும் சாகவில்லை. எல்லாரும் அநியாயத்துக்கு ஆரோக்கியமாக இருந்தார்கள். கோயில் நிர்வாகம் பார்க்கிற பெரியப்பா மகன் அய்யாக்குட்டி அண்ணன் வந்து, போன தடவை மாதிரி ஆகிவிடக்கூடாது, சாமி இறங்காமல் போனதில் ஊருக்கே மனக்குறை என்று சொல்லிவிட்டுப் போனார். உரக்கடை வைத்திருக்கிறவர், காது வரை மீசை. அவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொன்னவர்கள் குடும்பத்தில் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை பந்தல்கால் நாட்டினார்கள், அடுத்த வெள்ளி கொடை. நயினார் விரதத்தில் உட்கார்ந்தார். மீன் கூடாது, மெத்தை கூடாது, வீட்டுச் சாப்பாடு தவிர எதுவும் கூடாது. பேய் விளையாட்டு கூடாது என்று மட்டும் முன்னோர் சொல்லி வைக்கவில்லை. அந்த மட்டுக்கு அவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் விளையாட்டுக்கு நடுவில், மேசைக்கு அடியில், அவருக்குத் தாங்கவில்லை. பேய் தேடிக்கொண்டிருக்கும்போதே வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சாமி வந்தாலும் அதே நடுக்கம், பயம் வந்தாலும் அதே நடுக்கம், எது எது என்று தனக்கே தெரியவில்லை, வெள்ளிக்கிழமை ஓடிவிடுவேன் என்று அழுதார். மைக்கில் சத்தம் கேட்டுப் பேய் வந்து இருவரையும் கொன்றுவிட்டது. துல்கர்னைன் ஆட்டத்தை மூடினான்.

தனக்கும் ஷார்ஜாவுக்குப் போன புதிதில் இதே மாதிரி வந்தது என்றான். லிஃப்டுக்குள் வரும். டாக்டரைப் பார்த்து மாத்திரை சாப்பிட்டானாம், இப்போது பரவாயில்லையாம். பிறகு சொன்னான்.

"கேம்ல எங்களுக்கு வழி சொல்லுததே நீங்கதான அண்ணாச்சி. அங்கன வந்துச்சுன்னா இங்கன செய்யுத மாதிரியே செய்ங்க. ஒளிஞ்சு, மூச்சப் புடிச்சு இருங்க. அது போயிரும். எப்பவும் போயிருமே."

மேசைக்கு அடியிலிருந்து எழுந்தபோது கவுண்டர் மேல் சாப்பாட்டுக் கேரியர் இருந்தது. சங்கரேஸ்வரி எப்போது வந்தாள், எப்போது போனாள் என்று தெரியவில்லை. கேரியரில் பூண்டு ரசம் சூடாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் உச்சிக்கொடை. பந்தலில் கால் வைக்க இடமில்லை. சென்னை, கோயம்புத்தூர் என்று போய்விட்ட சொந்தமெல்லாம் வந்து குவிந்திருந்தது. சீரியல் லைட் பட்டப்பகலிலும் மினுக்கிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் ஒரு பக்கம் உறுமியது, மைக்செட் ஒரு பக்கம் அலறியது. நயினார் பீடத்துக்கு முன்னால் வல்லயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகுடக்காரர் அவர் முகத்துக்கு நேரே வந்து அடித்தார். பெண்கள் குலவை போட்டார்கள். உள்ளங்காலில் ஆரம்பித்து ஏறியது. நெஞ்சு அடித்தது, கை நடுங்கியது, வேர்த்தது. சுடலையே, இது நீர்தானா என்று உள்ளுக்குள் கேட்டார். செத்துவிடுவோம் என்று தோன்றியது. இரும்புக் கேட் திறந்து கிடந்தது, அதற்கு அந்தப் பக்கம் வாழைத்தோப்பு. கால்கள் அவரைக் கேட்காமலே அந்தப் பக்கம் திரும்பின.

சீரியல் லைட்டின் மினுக்கல் கண்ணில் பட்டதும்தான் துல்கர்னைன் சொன்னது ஞாபகம் வந்தது. நயினார் வல்லயத்தைத் தரையில் ஓங்கி ஊன்றினார்.

"மேளத்த நிறுத்துங்கலே. லைட்டெல்லாம் அணைங்க, கதவ அடைங்க. எல்லாரும் ஒளிஞ்சுக்கிடுங்க, ஒருத்தரும் வாயத் திறக்கப்படாது. அது தேடிட்டு வருது."

சுடலை இதுவரை கேட்டதெல்லாம் சுருட்டு, சாராயம், கூடுதலாக ஒரு கிடா. இந்த மாதிரி ஒரு உத்தரவு குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. ஆனாலும் சாமி வாக்கு சாமி வாக்குதான். அய்யாக்குட்டி அண்ணன் தன் கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி ஜெனரேட்டரை நிறுத்தினார். மைக்செட்காரர் ஒயரைப் பிடுங்கினார். கேட்டை இழுத்துச் சாத்தினார்கள். பெண்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள். பத்திருபது பேர் பொங்கல் பானைகளுக்கும் சாப்பாட்டு அண்டாக்களுக்கும் பின்னால் போய்ப் பதுங்கினார்கள். அமெரிக்கா மாப்பிள்ளை ஒருவர் பந்தி பெஞ்சுக்கு அடியில் போனார்.

சத்தம் அத்தனையும் நின்றது. ஆற்றில் தண்ணீர் ஓடுவது கேட்டது. நயினார் கண்ணை மூடி மூச்சைப் பிடித்து, மெதுவாக விட்டார். மறுபடி பிடித்து, மெதுவாக விட்டார். அது அவருக்குள் ஒவ்வொரு அறையாகப் போய்த் தேடியது. பிறகு, விளையாட்டில் போவதைப் போலவே, போய்விட்டது. அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அதை நம்ப அவருக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று.

பக்கத்தில் அய்யாக்குட்டி அண்ணன் கைகூப்பி நின்றார். குரல் அடங்கிப்போய், எது சாமி தேடிக்கொண்டு வருகிறது என்று கேட்டார்.

எந்தப் பேயின் பெயரைச் சொல்லியிருந்தாலும் ஊர் ஏற்றுக்கொண்டிருக்கும். பேய் வகைகள் நயினாருக்கு இப்போது அத்துபடி. ஆனால் அந்த அமைதியில் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பயம். காரணமே இல்லாம வருது. நெஞ்சு அடிக்கும், செத்துருவோம்னு தோணும். வெளிய சொல்ல வெக்கமா இருக்கும். வாயுன்னு சொல்லிட்டுத் திரிய வேண்டியது."

அண்டாவுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அய்யாக்குட்டி அண்ணன் திருநீறு வாங்கக் குனிந்தவர் நிமிரவில்லை. மீசை நயினாரின் காதில் உரசியது. தனக்கும் வருகிறது, கடை ஷட்டரை இறக்குகிற நேரம் பார்த்து வருகிறது, வீட்டில் யாருக்கும் தெரியாது என்றார். டாக்டரைப் பார், வெட்கப்படாதே என்றது சாமி.

வழக்கமாகக் கல்யாணம் எப்போது, வேலை எப்போது, வீடு எப்போது என்று சத்தமாகக் கேட்கிற வரிசை, அன்று ஒவ்வொருவராகக் காதோடு காதாகப் பேசியது. கோயம்புத்தூர் மில்லில் வேலை பார்க்கிறவர், பிள்ளை பெற்று நாலு மாதமான ஒரு பெண், பெஞ்சுக்கு அடியிலிருந்து வெளியே வந்த அமெரிக்கா மாப்பிள்ளை. சாமியிடம் இருந்தது ஒரே ஒரு வாக்குதான். அதையே எல்லாருக்கும் சொன்னது. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவரைப் போல அத்தனை தைரியமாகச் சொன்னது. சொன்ன ஆள் ஒன்றரை வருஷமாக ஓமத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பவர் என்பது நயினாருக்கு நடுநடுவே ஞாபகம் வந்து, சிரிப்பை அடக்குவது பயத்தை அடக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

வரிசையின் கடைசியில் சங்கரேஸ்வரி நின்றாள். நயினாருக்குச் சிரிப்பு போய்விட்டது. அவள் ஊராரைப் போலவே கைகூப்பி, அவர் கண்ணைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரு ஒன்றரை வருசமா வாயுங்காரு, சாமி. லாட்ஜுல மேசைக்கு அடியில உக்காந்து, பயமா இருக்குன்னு யாரோ ஒரு பையன்ட்ட அழுதாரு. எங்கிட்டச் சொல்லமாட்டேங்காரு. நான் என்ன செய்யட்டும்?"

வல்லயத்தைப் பிடித்திருந்த கை நடுங்கியது. அது பயத்தால் இல்லை என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போ, தாயி."

அவர் வரமாட்டாரே என்றாள்.

"வருவான்," என்றது சாமி.

அன்று வந்தது சுடலையா பயமா என்று கேட்டால், இரண்டு பேரும் ஒரே பைக்கில் வந்தார்கள், யார் ஓட்டினார்கள் என்று தான் கவனிக்கவில்லை என்று இன்றைக்கும் சொல்வார் நயினார்.

அடுத்த வாரம் தென்காசியில் மனநல டாக்டரின் வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு நயினாரும் சங்கரேஸ்வரியும் உட்கார்ந்தார்கள். எதிர் பெஞ்சில் ஒருவர் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடியிருந்தார். மீசையை மூடுவதற்குத் துண்டு போதவில்லை. அய்யாக்குட்டி அண்ணனும் நயினாரைப் பார்த்துவிட்டார். இங்கே என்ன என்று கேட்டார்.

"லேசா வாயுண்ணே. உங்களுக்கு?"

"எனக்கும் அதாம்லே," என்றார் அண்ணன். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் நயினாருக்கு இடம் விட்டார்.

உள்ளே இருந்தது சின்ன வயது பெண் டாக்டர். என்ன செய்கிறது என்று கேட்டார். நயினார் இதற்கு முன் இதை இரண்டு முறை சொல்லியிருந்தார். ஒருமுறை மேசைக்கு அடியிலிருந்து, ஒருமுறை சுடலையின் வாயால். தன் சட்டையோடு, தன் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னதில்லை. சங்கரேஸ்வரி அவர் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்கு டாக்டர்," என்றார்.

டாக்டர் நிதானமாக எல்லாம் கேட்டார். பேய் விளையாட்டைப் பற்றிச் சொன்னபோது சிரிக்கவில்லை. அது கைகொடுக்கிறது என்றால் விளையாடலாம், ஆனால் அதற்குள்ளேயே குடியிருந்துவிடக் கூடாது என்றார். மாத்திரை எழுதினார், அடுத்த மாதம் வரச்சொன்னார். செவ்வாய்க்கிழமை துல்கர்னைனிடம் சொல்ல வேண்டும் என்று நயினார் நினைத்துக்கொண்டார்.

மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். சங்கரேஸ்வரி நாலடி முன்னால் நடந்தாள். கோபமா, வருத்தமா என்று அவருக்குப் பிடிபடவில்லை, கேட்கவும் தைரியம் வரவில்லை. மார்க்கெட் திருப்பத்தில் அவள் ஒரு காய்கறிக் கடை முன்னால் நின்றாள். கூடைக்குள் கையை விட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, நல்லதாகப் பொறுக்கி ஒரு கிலோ உருளைக்கிழங்கு வாங்கினாள்.